மூன்றாம் சிலிண்டரும் என் பிழையான சாட்சியும்

என் மகள் ஜெனிட்டா வானத்தில் தனியாக இருந்தாள். அவள் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன விமானத்தின் எஞ்சின் சத்தம் திடீரென்று மாறியது. அது என்ன சத்தம் என்று நிலத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்பதை இரண்டு மாதமாக நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்பான சகோதர சகோதரிகளே, கடந்த ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நடந்த இந்தக் காரியத்தை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டதற்கு இது சாட்சி. ஆனால் இதைச் சொல்வதற்கு முன்னால், அதே எஞ்சினைப் பற்றி நான் சொல்லித்திரிந்த இன்னொரு சாட்சியைத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

நான் சாமுவேல். பாலையூற்றில் குடியிருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. வேலை சீனக்குடா விமான நிலையத்தில், விமான எஞ்சின் பார்ப்பது. இப்படிச் சொன்னால் ஆட்கள் பெரிய பெரிய விமானங்களை நினைத்துக்கொண்டு வாயைப் பிளப்பார்கள். நான் பார்ப்பது ஒரேயொரு விமானம். நாலு பேர் மட்டும் இருக்கலாம். என்னைவிடப் பத்து வயது மூத்தது. வெள்ளை நிறமும் நீட்டுக் கால்களுமாக நிற்பதால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் நாரை. ஒரு தனியார் பறப்புப் பள்ளிக்குச் சொந்தமானது. இவ்வளவு பழைய விமானத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு, பார்க்கிற ஆள் சரியாகப் பார்த்தால் நூறு வருடமும் பறக்கும் என்று நான் சொல்வேன். பார்க்கிற ஆள் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். என் குணம் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும்.

பிள்ளைகளுக்குப் பறக்கப் பழக்குகிறவர் நசீர். கிண்ணியாவைச் சேர்ந்தவர். என்னைவிட இருபது வயது இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். தொழுகை தப்பாதவர், கதை குறைவு. பறப்புப் பள்ளியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில்தான் என் மகள் ஜெனிட்டா சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

கரைச்சல் ஆனி மாதத்தில் தொடங்கியது. காலையில் முதலில் போய் நாரையை முடுக்கிச் சூடாக்கிப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் முடுக்கியவுடன் எஞ்சின் குலுங்கியது. கொஞ்சம் இல்லை, முழு விமானமும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. எனக்குப் பயம் பிடித்தது. வலது கையை நீட்டி முன் பலகையில் வைத்துக் கண்ணை மூடினேன். "இயேசுவே, இதைச் சுகமாக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றரை நிமிஷம் போயிருக்கும். குலுக்கல் நின்றது. எஞ்சின் பட்டுப்போல ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த நாளும் குலுங்கியது. அடுத்த நாளும் ஜெபித்தேன். அடுத்த நாளும் நின்றது.

எஞ்சின் வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாரைக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் எரிந்த புகையை வெளியே விடுவதற்கு ஒரு வால்வு உண்டு. பெரிய தலையுள்ள ஆணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணியின் தண்டு ஒரு சின்னக் குழலுக்குள் ஏறி இறங்கும். இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஊற்றுகிற பெற்றோலில் ஈயம் இருக்கிறது. அந்த ஈயமும் ஒயிலின் கரியும் குழலுக்குள் படிந்து படிந்து தண்டை இறுக்கும். மாரிக்கு ஊதிப்போன கதவு நிலையில் இறுகுமே, அதே மாதிரி. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது வால்வு சிக்கி நிற்கும், அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது, எஞ்சின் குலுங்கும். கொஞ்சம் சூடேறியதும் வால்வு விடுபடும், குலுக்கல் நிற்கும். யார் ஜெபித்தாலும் நிற்கும், ஜெபிக்காவிட்டாலும் நிற்கும். ஆனால் அது சுகம் இல்லை. ஒருநாள் பறக்கும்போதே முழுதாக இறுகிவிடுவேன் என்று எஞ்சின் முன்கூட்டியே சொல்லுகிற சேதி அது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருடமாக இந்த வேலை செய்கிறவன் நான். நாலாம் நாள் சந்தேகம் வந்து, குலுங்கும்போதே எஞ்சினை நிறுத்திவிட்டு நாலு புகைக்குழாயையும் கிட்டக் கை பிடித்துப் பார்த்தேன். மூன்று குழாய் சுட்டது. மூன்றாம் சிலிண்டரின் குழாய் மட்டும் குளிர்ந்து கிடந்தது. அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது.

அந்த நேரம் லொக் புத்தகத்தை, அதாவது விமானத்தின் குறைகளை எழுதுகிற கொப்பியை எடுத்து, மூன்றாம் சிலிண்டர் வால்வு சிக்குகிறது, விமானம் பறக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் எழுதவில்லை. ஏன் என்றால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் எஞ்சினைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொல்லியிருந்தேன்.

நல்லாய்த்தான் சொன்னேன். கை வைத்ததையும், நடுக்கம் நின்றதையும் நடித்தே காட்டினேன். சனம் அழுதது. போதகர் என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த கிழமை உபவாச ஜெபத்திலும் சொல்லக் கேட்டார்கள். பிறகு வெருகல் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்தது. நான் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரு வசனமும் சேர்த்தேன். "ஆண்டவர் சுகமாக்கினதைக் குறை என்று கொப்பியில் எழுதினால் அது அவிசுவாசம்" என்றேன். கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு எங்கள் சபையிலும் அதையே சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படிச் சொன்னபிறகு நான் எப்படி எழுதுவது? எழுதினால் விமானம் நிற்கும். விமானம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். என் சாட்சி காற்றில் போகும். அதனால் ஒவ்வொரு காலையும் கை வைத்தேன், கண்ணை மூடினேன், குலுக்கல் நின்றதும் "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மேலே ஸ்தோத்திரமும் சொன்னேன்.

நசீர் ஒருநாள் வழமையைவிட வேளைக்கே வந்துவிட்டார். நான் ஜெபிக்கும்போது பக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்ததும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற நேரத்துக்குள் ஒயில் சூடாகிறது அண்ணன், வால்வை ஒருக்கால் பார்ப்போமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொன்னேன். ஐந்து வேளை தொழுகிற மனிதனைப் பார்த்துச் சொன்னேன். நான் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்று பொய்யும் சொன்னேன். எஞ்சின் என் பொறுப்பு, என் சொல்லுக்கு மேல் அவர் போகவில்லை.

ஜெனிட்டாவும் கேட்டாள். அன்று அவள் என்னோடு மோட்டார் சைக்கிளில் வேளைக்கு வந்திருந்தாள்.

"அப்பா, இது ஏன் காலமையில மட்டும் நடுங்குது?"

"இப்ப நிண்டிட்டுது தானே பிள்ளை."

"ஓம்" என்றாள். அவ்வளவுதான். அப்பா சொன்னால் சரி என்று நம்பிவிட்டாள். அந்த "ஓம்" இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நான் இரண்டு மாதம் அந்தப் பூனையாக இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெனிட்டா முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாள். என் மனைவி ரெஜினா விடியவே எழும்பிப் புட்டு அவித்தாள். பிள்ளை பயத்தில் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். நான் முன்னதாகவே போய் நாரையை முடுக்கினேன். குலுங்கியது. ஒன்றரை நிமிஷம் போனது. நிற்கவில்லை. இரண்டு நிமிஷம். நிற்கவில்லை. இன்னும் உரத்து ஜெபித்தேன். மூன்று நிமிஷம் கிட்டத்தான் நின்றது.

அப்போதாவது யோசித்திருக்கலாம். எஞ்சின் கத்திச் சொன்னது. நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பேனையை எடுத்து "குறை ஏதும் இல்லை" என்று எழுதினேன். என் சொந்தப் பிள்ளை ஏறப்போகிற விமானத்துக்கு.

முதலில் நசீர் அவளோடு இரண்டு சுற்றுப் போனார். இரண்டும் நல்லாய் இருந்தது. பிறகு ஓடுபாதை ஓரத்தில் எஞ்சினை நிறுத்தாமலே அவர் இறங்கினார். கதவடியில் நின்று கொஞ்ச நேரம் அவளுக்கு ஏதோ சொன்னார். கதவைச் சாத்தினார். என்னிடம் நடந்து வந்து சிரித்தார். ஒரு சுற்றுத்தான் அண்ணன், ஆறு நிமிஷம், பயப்படாதீர்கள் என்றார். அவர் கையில் சின்ன ரேடியோ இருந்தது.

நாரை ஓடியது. எழும்பியது. என் மகள் அதற்குள் தனியாக இருந்தாள். ஓடுபாதை முடிந்து, கீழே துறைமுகத்துத் தண்ணீர் தொடங்குகிற இடத்தில் சத்தம் மாறியது.

நாலு காலில் ஓடிய மாடு மூன்று காலில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். விமானம் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டது.

ரேடியோவில் அவளுடைய குரல் வந்தது. "எஞ்சின் நடுங்குது. காலமையில நடுங்கிற மாதிரியே நடுங்குது."

நசீர் என்னைப் பார்க்கவில்லை. அவர் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் சரியாக வரவில்லை போல, வேகத்தைக் குறைத்து மற்ற டாங்கிக்கு மாற்றச் சொல்கிறேன் என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு ரேடியோவைத் தூக்கினார். அவருடைய யோசனையில் பிழை இல்லை. வால்வு சந்தேகத்தை அவர் விட்டுவிட்டார், பார்த்துவிட்டேன் என்று நான்தான் பொய் சொன்னேனே. ஆனால் அவள் வேகத்தைக் குறைத்தால் மிச்சமிருக்கிற பலமும் போய்விடும். சூடான எஞ்சின் ஒரேயடியாகக் குளிர்ந்தால் மற்ற வால்வுகளும் இறுகலாம். கீழே தண்ணீர்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் சகோதரரே, நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் என் வாய் திறக்கவில்லை. பிள்ளை வானத்தில் இருக்கிறாள், எனக்குள்ளே ஒருவன் இருந்துகொண்டு உன் கையெழுத்து, உன் வேலை, உன் சாட்சி, வெருகலில் கை தட்டின சனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். மனிதனின் இருதயம் அவ்வளவு கேடானது. நான் அதை எனக்குள்ளே கண்டேன்.

அப்போதுதான் ஜெபித்தேன். எஞ்சினைச் சுகமாக்கும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. கண்ணையும் மூடவில்லை, விமானத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் பொய்யன். என் வாயைத் திறவும்." இவ்வளவுதான். இரண்டு மாதமாகச் செய்த நீட்டு ஜெபங்களெல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது.

என் வாய் திறந்தது. நசீரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"எரிபொருள் இல்ல தம்பி. மூண்டாம் சிலிண்டர் வால்வு சிக்கிட்டுது. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். குறைக்கச் சொல்லாதேங்கோ. மற்ற மூண்டும் தாங்கும், கை வைச்ச இடத்திலேயே வைச்சுக்கொண்டு திரும்பச் சொல்லுங்கோ."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு ரேடியோவைத் தூக்கினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வகுப்பில் பாடம் சொல்லுகிற மாதிரியே பேசினார்.

"ஜெனிட்டா, மூணு சிலிண்டர் வேலை செய்யுது, அது போதும். வேகத்துல கை வைக்க வேணாம். மேல ஏறவும் வேணாம். மெதுவா திரும்பி வாங்க, பாதை உங்களுக்காகக் காலியா இருக்கு."

ரேடியோ கரகரத்தது. பிறகு, "சரி சேர். அப்பா பக்கத்தில நிக்கிறாரா?" என்று கேட்டாள்.

"நிக்கிறார்."

"சரி" என்றாள்.

நாரை தண்ணீருக்கு மேலே சாய்ந்து திரும்பியது. நடுங்கிக்கொண்டே திரும்பியது. கப்பல்துறைப் பக்கமாக அது தாழப் பதிந்து போனபோது மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூன்று கால் ஓட்டம். அது நிற்கவில்லை. நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் நான் எண்ணினேன். பிறகு வெள்ளையாகத் தெரிந்தது. பாதைக்கு நேராக வந்தது. சக்கரம் தொட்டது. ஒரு தரம் துள்ளியது, மறுபடி தொட்டது. ஓடி நின்றது.

நான் நிலத்திலேயே குந்திவிட்டேன். கர்த்தர் நல்லவர் என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை, அழத்தான் முடிந்தது.

ஜெனிட்டா இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நடந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். "இறங்கேக்க துள்ளிட்டுது அப்பா" என்று சொன்னாள். அவளுக்கு அதுதான் கவலை. அந்த இடத்திலேயே அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். என் கையை விட்டாள். கொட்டகைக்குள்ளே தனியாகப் போய்விட்டாள்.

நசீர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. "நான் இறங்கினது உங்கட கையெழுத்த நம்பித்தானே அண்ணன்" என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அன்று மத்தியானமே நடந்ததையெல்லாம் எழுதிப் பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தை என்னிடமிருந்து எடுத்தார்கள். சரிதான். கொழும்பிலிருந்து வேறொரு பொறியியலாளர் வந்து பொறுப்பெடுக்கும்வரை நாரை நிற்கும், நான் அவருக்குக் கீழே உதவி ஆளாக வேலை செய்யலாம் என்றார்கள். வேலையே போய்விடும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பிள்ளை இறங்கிட்டாள் தானே. சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள்ளே போனாள். அவள் அங்கே அழுதது எனக்குக் கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கொட்டகையில் தனியாக இருந்தேன். நசீர் வந்தார். கையில் வெள்ளை நைலோன் கயிறு ஒரு சுருள். கிண்ணியாவில் அவருடைய மச்சான் வலைக்கடை வைத்திருக்கிறார். புதுக் கயிறு, மண் படாதது, ஒன்பது முழம், போதுமா அண்ணன் என்று கேட்டார். கொழும்பு ஆள் வந்ததும் வால்வு கழற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் கயிறு வேண்டும் என்பதும் தெரியும். மன்னிப்பு என்ற சொல் எங்கள் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கயிற்று வேலை அறிந்தவர்களுக்கு விளையாட்டு, அறியாதவர்களுக்கு ஆச்சரியம். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கயிற்றைச் சிலிண்டருக்குள்ளே தள்ளுவோம். பிறகு முன் விசிறியைக் கையால் மெதுவாகத் திருப்புவோம். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வோடு சேர்த்து நெருக்கும். கயிறு கீழேயிருந்து தாங்கிக்கொள்ளும், வால்வு உள்ளே விழாது, வில்லுச் சுருளைப் பயமில்லாமல் கழற்றலாம். கழற்றியபிறகு கயிற்றை எடுத்துவிட்டு, வால்வை உள்ளே இறக்கி, குழலைச் சுரண்டிச் சுத்தமாக்கி, மறுபடி கொளுக்கியால் பிடித்து மேலே இழுப்போம். சிலிண்டரைக் கழற்றத் தேவையே இல்லை. ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலைக்குப் பயந்துதான் இரண்டு மாதம் பொய் எழுதினேன்.

அடுத்த நாள் கொழும்பு ஆள் வந்து பக்கத்தில் நின்றார். நான் கயிற்றைத் தள்ளினேன். விசிறியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். நசீரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் ஜெனிட்டா வந்து விசிறியைப் பிடித்தாள். மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள். "சொல்லுங்கோ, எவ்வளவு திருப்ப?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். குழலுக்குள்ளிருந்து வந்த கரி ஒரு தேக்கரண்டி இருக்கும். வால்வைத் தள்ளுகிற கம்பி அகப்பைக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. இன்னும் ஒரு சுற்று அது தாங்கியிராது என்று கொழும்பு ஆள் சொன்னார். ஜெனிட்டா அந்தக் கம்பியை எடுத்து, கழுவித் துடைத்துத் தன் பைக்குள்ளே வைத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது சபை. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவருக்குச் சங்கடம். சாட்சியைத் திருப்பி எடுத்தால் பலவீனமான விசுவாசிகள் இடறிப்போவார்களே, தனியாக ஜெபித்து விட்டுவிடலாமே என்றார். நான் சொன்ன பொய்யில்தான் அவர்கள் நிற்கிறார்கள் ஐயா, அதில் நிற்கிறவர்கள் எப்படியும் விழுவார்கள் என்றேன். அவர் மைக்கைத் தந்தார்.

முன்பு எந்த இடத்தில் நின்று நடித்துக் காட்டினேனோ அந்த இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினை ஆண்டவர் சுகமாக்கவில்லை, நான் மறைத்தேன் என்றேன். கொப்பியில் எழுதினால் அவிசுவாசம் என்று நான் சொன்னது பொய், அதை மறந்துவிடுங்கள் என்றேன். ஒருவரும் அழவில்லை. ஒருவரும் தட்டவில்லை. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆராதனை முடிந்து சனம் போகும்போது முன் கதிரையில் எப்போதும் இருக்கிற ரூபி அக்கா என்னைக் கூப்பிட்டார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, பல வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு.

"தம்பி, நீங்க அண்டைக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனான். ஒண்டரை மாசம் மருந்துக் குளிசை போடேல்ல. கால் எரிவு. ஒருத்தருக்கும் சொல்லேல்ல, சொன்னா அவிசுவாசம் எண்டு."

நாரையில் இருந்தது என் பிள்ளை ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எத்தனை பேரை அதில் ஏற்றிவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்த நாளே ரெஜினா அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சீனி கூடித்தான் இருந்தது, ஆனால் காலுக்கு ஆபத்து இல்லை, நேரத்துக்கு வந்தீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். இப்போது ரூபி அக்கா ஒழுங்காகக் குளிசை போடுகிறார். கால் எரிவும் குறைந்துவிட்டது. இதையும் என் சாட்சியில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆண்டவர் என் வாயைத் திறந்தபோது அவர் காப்பாற்றியது என் மகளை மட்டும் அல்ல.

சிலர் கேட்கிறார்கள். எஞ்சின் தானாகத்தான் தாங்கியது, பிள்ளை கெட்டிக்காரி, நசீர் நல்ல ஆசிரியர், இதில் ஜெபம் என்ன செய்தது என்கிறார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். மூன்று சிலிண்டரில் ஒரு எஞ்சின் ஓடுவது அதிசயம் அல்ல, நானே கணக்குப் போட்டுச் சொல்வேன். என்னைப்போலத் தலைக்கனம் பிடித்த ஒருவன், எல்லாம் போகும் என்று தெரிந்துகொண்டு அந்த நொடியில் உண்மை பேசினானே, அது என்னால் ஆகிற காரியம் அல்ல. என்னை எனக்குத் தெரியும். அது மேலேயிருந்து வந்தது.

இப்போது நாலு மாதம் போய்விட்டது. கையெழுத்து அதிகாரம் போன மாதம் திரும்பக் கிடைத்தது. ஒயிலை முந்தியைவிட இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றுகிறேன். இறங்கினவுடன் எஞ்சினைச் சட்டென்று நிறுத்த விடுவதில்லை. ஒவ்வொரு காலையும் நாரையில் கை வைத்து ஜெபிக்கிறேன், அதை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறேன். எழுத வேண்டியதை எழுதின பிறகுதான் ஜெபிக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது உள்ளே ஏதாவது இறுகிப்போய்க் கிடக்கலாம். கொஞ்சம் சூடேறினால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவைத்திருக்கலாம். பயப்படாமல் ஆண்டவரிடம் போங்கள். இது பழுது என்று அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள், சொல்ல வேண்டிய மனிதரிடமும் சொல்லுங்கள். உண்மைக்குக் காது கொடுக்கிறவர் அவர். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.

போன கிழமை ஜெனிட்டா இரண்டாம் தரம் தனியாகப் பறக்கப் போனாள். முதல் நாள் இரவே என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்கு நித்திரை வரவில்லை. காலையில் எஞ்சின் முடுக்கினவுடனே சீராக ஓடியது. நான் பார்த்ததை எல்லாம் எழுதினேன். இடது சக்கரத்து டயர் தேய்கிறது, அடுத்த மாதம் மாற்ற வேண்டும் என்பதைக்கூட எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவள் விமானத்தடிக்கு வந்தாள். ஏறவில்லை. கையை நீட்டினாள். லொக் புத்தகத்தைக் கொடுத்தேன். நின்ற நிலையிலேயே ஒரு வரி விடாமல் வாசித்தாள். டயர் வரிக்கு வந்ததும் குனிந்து இடது சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் தந்தாள்.

"வாசிச்சிட்டன் அப்பா. இப்ப எனக்காக ஜெபம் பண்ணுங்கோ" என்று சொல்லித் தலையைக் குனிந்தாள்.